எந்த விலையை எதனோடு கட்டுவது: விடுதி மென்பொருளில் சார்பு விலைகள்

மாங்குளத்தில் (ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி) சித்தப்பாவின் விடுதியைப் பொறுப்பெடுத்து நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மொத்தம் 14 அறைகள்: மின்விசிறி அறை ஆறு, ஏ.சி. அறை ஆறு, குடும்ப அறை இரண்டு. ஒவ்வொரு வகைக்கும் நான்கு விலைத் திட்டங்கள்: அறை மட்டும், காலை உணவோடு, பணம் திரும்பாத விலை (இரத்துச் செய்தால் பணம் திருப்பித் தராத, அதனால் சற்றுக் குறைந்த விலை), வார விலை. ஆடி, ஆவணிக்கு விலையை உயர்த்தப் போனால் பன்னிரண்டு விலைகளையும் நாள் நாளாக மாற்ற வேண்டியிருந்ததால், மென்பொருளின் 'டிரைவ்ட் ரேட்' (சார்பு விலை) பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே விலையோடு கட்டிவிட்டார். இப்போது பணம் திரும்பாத விலை 9,000 ரூபாவாக வர வேண்டிய இடத்தில் முன்பதிவுத் தளத்தில் 8,100 என்று தெரிகிறது. 15 சதவீதக் கொமிசனுக்காக 15 சதவீதம் கூட்டி வைத்தும் கைநட்டம் வருகிறது. அடிப்படை விலையை ஏற்றியபோது காலை உணவு விலை சில நாட்களுக்கு மட்டும் அசையவில்லை. எங்கே பிழை என்கிறார்.

மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஆனால் மூன்றையும் திருத்திய பிறகும் நான்காவதாக ஒன்று முளைக்கும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒன்றோடு கட்டியதிலேயே சிக்கல் இருக்கிறது. ஆகவே முதலில் அமைப்பைப் பார்ப்போம்.

சார்பு விலைக்குத் தனக்கென்று ஓர் எண் கிடையாது. இன்னொரு விலையைப் பார்த்து, இத்தனை சதவீதம் அல்லது இத்தனை ரூபா கூட்டியோ கழித்தோ ஒவ்வொரு நாளும் தன்னைக் கணக்கிட்டுக்கொள்ளும். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். பன்னிரண்டு விலைகளைக் கையால் மாற்றினால் 300 கட்டங்கள். சரியாகக் கட்டியிருந்தால் 25 கட்டங்கள். இரணைமடுவில் துருசைத் திறந்தால் வாய்க்கால்களில் தானாகத் தண்ணீர் ஓடுவது போன்றதுதான் இது. ஆனால் எந்த வயலுக்கு இப்போது தண்ணீர் வேண்டாம் என்று பார்த்து மறிப்பதற்கும் ஆள் வேண்டும். விலையிலும் அப்படித்தான்: ஒன்றின் செலவோ மதிப்போ அறை விலையோடு சேர்ந்து ஏறி இறங்குமானால் அதைக் கட்டுங்கள். இல்லையென்றால் தனியே விடுங்கள்.

அடிப்படை விலையாக எதை வைப்பது? உங்களிடம் அதிகம் விற்கும் அறையை எடுங்கள். ஏ.சி. இரட்டை அறை, இரண்டு பேர், உணவு இல்லை, இலவசமாக இரத்துச் செய்யலாம், கொமிசன் சேராத நேரடி விலை. கணக்குக்கு 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுத் தளத்தில் தெரியும் விலையை அடிப்படையாக வைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அதில் கொமிசனும் சலுகையும் கலந்து கிடப்பதால், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்துத் தொலைபேசியில் கேட்பவருக்கு விலை சொல்ல வேண்டி வரும். அது வீண் தலையிடி.

அறை வகைகளைச் சதவீதத்தில் கட்டுங்கள். மின்விசிறி அறைக்கு 25 சதவீதம் குறைவு, குடும்ப அறைக்கு 60 சதவீதம் கூட என்று வைக்கலாம். 2,500 ரூபா குறைவு என்று தொகையாக வைத்தால் இன்றைக்கு அதே 7,500தான் வரும், வித்தியாசம் தெரியாது. ஆனால் கார்த்திகை மழையில் அடிப்படையை 7,000க்கு இறக்கும்போது மின்விசிறி அறை 4,500க்கு விழுந்துவிடும். யாரும் ஏ.சி. தேடாத குளிரில் அந்த அறைக்கு இவ்வளவு தள்ளுபடி தேவையே இல்லை, சதவீதமென்றால் 5,250. ஆவணியில் 16,000க்கு ஏற்றும்போது நிலைமை தலைகீழ். தொகைக் கணக்கில் மின்விசிறி அறை 13,500 ஆகும். இன்னும் 2,500 கொடுத்தால் ஏ.சி. கிடைக்கிறதே என்று எல்லோரும் அங்கே போவார்கள், மின்விசிறி அறைகள் காலியாகக் கிடக்கும்.

உணவுக்கு இதற்கு நேர் எதிரான வழி. இடியப்பம், சொதி, சம்பல், முட்டை, தேநீர் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 900 ரூபா என்று வைத்திருக்கிறீர்கள். ஆவணியிலும் அதே இடியப்பம்தான், கார்த்திகையிலும் அதே இடியப்பம்தான். நீங்கள் காலை உணவு விலையை 18 சதவீதம் கூடுதல் என்று கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 10,000க்கு அது 1,800, சரியாகத்தான் தெரியும். 16,000க்கு 2,880 ஆகிவிடும். விருந்தினர் இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உணவு வேண்டாம், முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அங்கேயே கடையில் சாப்பிடுவோம் என்பார். 7,000க்கு 1,260தான் வரும். அப்போது ஒவ்வொரு தட்டிலும் நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள். ஆகவே உணவை எப்போதும் தொகையாகவே வையுங்கள், அதுவும் அறைக்கு என்றில்லாமல் ஆளுக்கு என்று. உங்கள் மென்பொருளில் கூட்டும் தொகைக்குப் பக்கத்தில் 'ஒருவருக்கு' என்ற தெரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், தனியாக வரும் உத்தியோகத்தரிடம் இரண்டு தட்டுக்குப் பணம் வாங்குவீர்கள், குடும்ப அறையில் நான்கு பேருக்கு இரண்டு தட்டுப் பணத்தில் பரிமாறுவீர்கள். அந்தத் தெரிவு இல்லாத மென்பொருளில் உணவை விலைத் திட்டமாக வைக்காமல், முன்பதிவில் கூட்டிச் சேர்க்கும் தனிச் சேவையாக வைப்பதே நல்லது.

இனி அந்த 8,100. நீங்கள் உங்கள் மென்பொருளில் பணம் திரும்பாத விலையை 10 சதவீதம் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள். தளத்தின் எக்ஸ்ட்ராநெட்டிலும் (விடுதிக்காரர் நுழைந்து தம் விலைகளையும் அறைகளையும் பார்க்கும் பக்கம்), முதன்முதலில் பதிவு செய்தபோது, அதே திட்டம் 10 சதவீதம் குறைவாக அமைந்திருக்கும். மென்பொருள் 9,000 என்று கணக்கிட்டு அனுப்புகிறது. தளம் அதை முழு விலை என்று நம்பி இன்னொரு 10 சதவீதத்தை வெட்டுகிறது. 9,000இல் 900 போனால் 8,100. சார்பை ஓர் இடத்தில் மட்டுமே வைக்கலாம். தொலைபேசியில் எடுக்கும் முன்பதிவுக்கும் அதே கணக்கு வேண்டும் என்பதால், மென்பொருளில் வைத்துக்கொண்டு எக்ஸ்ட்ராநெட்டில் இருப்பதை நீக்குங்கள். அங்கே அந்தத் திட்டம் யாரையும் சாராத தனித் திட்டமாக இருந்து, சனல் மனேஜர் (உங்கள் விலைகளைத் தளங்களுக்குக் கொண்டுபோகும் இணைப்பு மென்பொருள்) அனுப்பும் விலையை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். பணம் திரும்பாத விலையில் வருபவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்குகிறீர்களா? அட்டையில் பணம் எடுக்கும் வசதி இல்லாமல், வந்து கொடுக்கட்டும் என்று விட்டிருந்தால், அவர் வராதபோது திருப்பிக் கொடுக்காமல் இருக்க உங்களிடம் பணமே இல்லை. எதையும் வாங்காமல் 10 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். வசதி வரும்வரை அந்தத் திட்டத்தை மூடி வைப்பேன் நான்.

கொமிசன் கணக்குக்கு வருவோம். 10,000இல் 15 சதவீதம் கூட்டினால் 11,500. தளம் தன் 15 சதவீதத்தை 11,500இல் எடுக்கிறது: 1,725. உங்களுக்கு மிஞ்சுவது 9,775. கூட்டும்போது சிறிய எண்ணில் கூட்டுகிறோம், கழிக்கும்போது பெரிய எண்ணில் கழிக்கிறார்கள். அதனால் கூட்டாமல் வகுக்க வேண்டும்: 10,000ஐ 0.85ஆல் வகுத்தால் 11,765. அதாவது 15 சதவீதக் கொமிசனுக்கு 17.65 சதவீதம் கூட்ட வேண்டும்; 18 சதவீதக் கொமிசன் என்றால் 21.95. தளத்துக்குத் தளம் கொமிசன் வேறுபடுவதால், இதற்காக அறை வகைகளையும் திட்டங்களையும் இரட்டிப்பாக்காதீர்கள். பெரும்பாலான சனல் மனேஜர்களில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெருக்கு எண் போட இடம் இருக்கும். அங்கே போட்டால் முடிந்தது. தள விலை நேரடி விலையைவிடக் கூடுதலாக இருக்கலாமா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது; விலைச் சமநிலை (தளத்தில் உள்ளதைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனை) பற்றிய பிரிவை வாசித்துவிட்டுச் செய்யுங்கள், குறிப்பாக உங்கள் சொந்த இணையத்தளத்தில் விலையை வெளிப்படையாகப் போடுவதாக இருந்தால்.

கொமிசன் உணவுப் பணத்தின் மீதும் விழும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதனால் கணக்கின் வரிசை முக்கியம். சதவீதங்கள் மட்டும் இருந்தால் எதை முதலில் பெருக்கினாலும் ஒன்றுதான். நடுவில் ஒரு தொகை வந்தவுடன் எல்லாம் மாறுகிறது. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அறை வகை, பிறகு இரத்துச் சலுகை (பணம் திரும்பாத விலைக்கான குறைப்பு), பிறகு உணவு, கடைசியில் கொமிசன். பணம் திரும்பாத மின்விசிறி அறை, காலை உணவோடு, இரண்டு பேருக்கு: 10,000இல் 25 சதவீதம் குறைத்தால் 7,500. அதில் 10 சதவீதம் குறைத்தால் 6,750. இரண்டு தட்டு 1,800 சேர்த்தால் 8,550. 0.85ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10,059. இதையே, உணவைக் கடைசியில் சேர்த்துச் செய்தால் தள விலை 9,741 ஆகும். கொமிசன் போகக் கையில் 8,280தான். 270 ரூபா குறைகிறது. அந்த 270 வேறொன்றுமில்லை, 1,800இன் 15 சதவீதம். இரத்துச் சலுகையை உணவு சேர்த்த பிறகு வெட்டினாலும் இதே கதைதான்: இடியப்பத்துக்கும் தள்ளுபடி கொடுப்பீர்கள்.

இந்த வரிசையை நடத்த, சார்பு விலையிலிருந்து இன்னொரு சார்பு விலையை எடுக்க வேண்டியிருக்கும். சில மென்பொருள்கள் அதை அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் இரண்டு படிக்கு மேல் போகாதீர்கள். நான்காவது படியில் ஒரு விலை பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று தேடவே ஒரு பகல் போய்விடும். 14 அறைகளுக்கு இத்தனை திட்டங்கள் தேவையா என்பதும் என் சந்தேகம். ஏ9 வழியாகப் போகிறவர் ஓர் இரவுக்குத் தங்குகிறார். அவருக்கு அறை, வேண்டுமென்றால் காலை உணவு. அவ்வளவுதான்.

புக்கிங் டொட் கொம்மின் ஜீனியஸ் போன்ற உறுப்பினர் சலுகைகள் உங்கள் மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. அவை தளத்தின் பக்கத்தில் வெட்டப்படுகின்றன. 11,765இல் 10 சதவீதச் சலுகை போனால் 10,588. அதில் கொமிசன் போக உங்களுக்கு 9,000. கைபேசிச் சலுகையாக இன்னொரு 10 சதவீதத்தையும் அனுமதித்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 81 சதவீதம்தான் மிஞ்சும், அதற்குப் பிறகும் கொமிசன். இதையும் ஈடுகட்ட விலையை இன்னும் ஏற்றலாமா என்று கேட்பீர்கள். சலுகையும் கொமிசனும் சேர்த்து வகுத்தால் 13,072 வருகிறது. நேரடி விலை 10,000 என்று அறிந்த விருந்தினர் உங்களை என்ன நினைப்பார்? மழைக்காலத்தில் சலுகைகளில் சேருங்கள், அறைகள் தானாக நிரம்பும் மாதங்களில் விலகி இருங்கள். எந்த நாட்களை விலக்கலாம் என்பதை எக்ஸ்ட்ராநெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பிரச்சினை, அசையாத காலை உணவு விலை. யாரோ அந்த நாட்களில் அந்தக் கட்டத்துக்குள் நேரடியாக ஓர் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். நீங்களாக இருக்கலாம், இரவுக் கடமையில் இருந்த பையனாகவும் இருக்கலாம். பெரும்பாலான மென்பொருள்களில் கையால் போட்ட விலை, சார்பை அந்த நாளுக்கு மட்டும் அறுத்துவிடும். அடிப்படை எங்கே போனாலும் அந்தக் கட்டம் அப்படியே நிற்கும். நாட்காட்டிப் பார்வையில் அத்தகைய கட்டங்கள் வேறு நிறத்தில் அல்லது ஒரு சிறு குறியோடு தெரியும். அவற்றை அழித்துவிட்டால் சார்பு திரும்ப வந்துவிடும். சரியான எண்ணைத் திரும்பத் தட்டுவது பயன் தராது, அதுவும் கையால் போட்ட விலையாகவே நிற்கும். சார்பு விலைகளைத் திருத்தும் அனுமதியை உங்களைத் தவிர எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் பெரிய நட்டம் தரக்கூடிய ஒன்று: சார்பு விலை எண்ணை மட்டுமா எடுத்துக்கொள்கிறது, கட்டுப்பாடுகளையும் எடுத்துக்கொள்கிறதா? குறைந்தது எத்தனை இரவு, இந்த நாளில் வரக்கூடாது, விற்பனை மூடல் ஆகியவை அடிப்படையிலிருந்து இறங்கி வரும்படி ஒரு தெரிவு இருக்கும். மடு மாதாவின் ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. அதை ஒட்டி இரண்டு இரவுக்குக் குறையாமல்தான் தருவது என்று அடிப்படையில் வைத்தால், அது காலை உணவுத் திட்டத்துக்கும் இறங்கத்தான் வேண்டும். இல்லையென்றால் ஓர் இரவுக்காரர் அந்தப் பக்கத்தால் நுழைந்துவிடுவார். ஆனால் வார விலைக்கு இதே தெரிவு ஆபத்து. அதற்கு ஏழு இரவுகள் என்று தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. அடிப்படையில் உள்ள ஓர் இரவு அதன்மேல் இறங்கினால், யார் வேண்டுமானாலும் ஓர் இரவுக்கு வார விலையில் அறை எடுக்கலாம். வார விலைக்கு விலையை மட்டும் சார்பாக வையுங்கள், இரவுக் கட்டுப்பாட்டை வைக்காதீர்கள்.

நிறுவன விலைகளைக் கட்டவே வேண்டாம். வீதி வேலைப் பொறியியலாளர்கள், அரச சார்பற்ற நிறுவனங்களின் கள உத்தியோகத்தர்கள், முல்லைத்தீவுக்கு ஏ34இல் போய்வரும் கொம்பனிக்காரர்கள் எல்லோருக்கும் கடிதத்தில் ஒரு விலை கொடுத்திருப்பீர்கள். அவர்களுக்குத் தங்கும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. திருவிழாவை முன்னிட்டு 1,500 ரூபா கூடிவிட்டது என்ற பற்றுச்சீட்டை அவர்களின் கணக்காளர் ஏற்கமாட்டார். தனி எண், தொடக்க நாள், முடிவு நாள், அவ்வளவுதான். அடிப்படை மூடினாலும் அவர்களுக்கு மூடாதபடி கட்டுப்பாடுகளையும் தனியே வையுங்கள். மழைக்கால வெறுமையில் உங்கள் மின்சாரக் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

டொலர் விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டொலரை அடிப்படையாக வைத்து ரூபா விலையை மாற்று விகிதத்தில் எடுக்கும் முறை கொழும்பிலும் தென்கரையிலும் பொருந்தலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த அமைப்பில் இருந்திருந்தால் வவுனியாவிலிருந்து வரும் ஆசிரியருக்கு உங்கள் அறை இரண்டே மாதத்தில் 80 சதவீதம் விலை ஏறியிருக்கும். அடிப்படை ரூபாவிலேயே இருக்கட்டும். டொலரில் பார்க்க விரும்புபவருக்குத் தளமே மாற்றிக் காட்டும். உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒன்று என்று இரண்டு விலைகள் வைப்பதையும் வன்னியில் நான் விரும்புவதில்லை. கனடாவிலிருந்து வந்த அண்ணனும் இங்கேயே இருக்கும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் தங்குவார்கள். காலையில் வரவேற்பு மேசையில் நடக்கும் பஞ்சாயத்துக்கு எந்த மென்பொருளிலும் பொத்தான் இல்லை.

அறைகள் நிரம்ப நிரம்ப அடிப்படை விலையைத் தானாக ஏற்றும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், அதற்கு ஓர் உச்சவரம்பு போடுங்கள். அடிப்படை ஏறினால் கட்டியவை எல்லாம் சேர்ந்து ஏறும் என்பதை அது யோசிக்காது. மே 18ஐ ஒட்டிய நாட்களுக்கு அதை நிறுத்தியே வையுங்கள். முள்ளிவாய்க்காலுக்குப் போகிறவர்களில் பலர் உங்கள் சந்தியால் திரும்புவார்கள், அறைகள் நிரம்பும், இயந்திரம் அதைக் கேள்வி கூடியதாக மட்டுமே பார்க்கும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குச் சிறிது கூட்டுவதும் கூட்டாததும் உங்கள் விருப்பம். மே 18க்குக் கூட்டக்கூடாது.

சில்லறை விடயங்கள் மூன்று. எண்ணை முழுமையாக்குவதைக் கடைசிப் படியில் மட்டும், மேல்நோக்கி, 50 அல்லது 100க்குச் செய்யுங்கள்; ஒவ்வொரு படியிலும் செய்தால் விலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். ஒவ்வொரு அறை வகைக்கும் ஒரு கீழ்வரம்பு வையுங்கள்: அடிப்படை 6,500க்கு இறங்கினால் மின்விசிறி அறை 4,875, அதில் வாரச் சலுகை 15 சதவீதம் போனால் 4,144, அதற்குக் கீழே விடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நீங்கள் வற் வரிக்குப் பதிந்தவரானால், 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். அடிப்படை விலை வரி உட்பட என்றால் சார்பு விலைகளும் வரி உட்பட என்றே குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று உட்பட, மற்றது நீங்கலாக என்று இருந்தால் உங்கள் சதவீதங்கள் எதற்கும் அர்த்தமில்லை.

எல்லாம் அமைத்த பிறகு, யாரும் முன்பதிவு செய்யாத தூரத்து நாட்கள் இரண்டை எடுங்கள். ஒன்றில் அடிப்படையை 16,000 ஆக்குங்கள், மற்றதில் 7,000. இரண்டு நாட்களிலும் எல்லா விலைகளையும் கையில் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். பிறகு, கணக்குக்குள் நுழையாத ஒரு கைபேசியில் விருந்தினரைப் போலத் தளத்தைத் திறந்து, ஒருவர், இருவர், குடும்ப அறைக்கு நால்வர் என்று தேடிப் பாருங்கள். சனல் மனேஜர் விலையை அனுப்பச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் உடனே பதறாதீர்கள். மென்பொருளுக்குள் சரியாக இருந்து தளத்தில் மட்டும் பிழையென்றால் எக்ஸ்ட்ராநெட்டில் இன்னும் ஏதோ சார்பு மிஞ்சியிருக்கிறது. மென்பொருளிலும் தளத்திலும் பிழையென்றால் வரிசையைப் பாருங்கள். வழக்கமான 10,000இல் சரி, 16,000இலும் 7,000இலும் பிழையென்றால் சதவீதம் வர வேண்டிய இடத்தில் தொகையையோ, தொகை வர வேண்டிய இடத்தில் சதவீதத்தையோ போட்டிருக்கிறீர்கள். சோதனை முடிந்ததும் அந்த இரண்டு நாட்களின் விலையைப் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

உணவுத் தொகைக்கு 'ஒருவருக்கு' என்ற தெரிவு உங்கள் மென்பொருளில் இருக்கிறதா, சார்பிலிருந்து சார்பு எடுக்க விடுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. இரண்டும் இல்லையென்றால் காலை உணவுத் திட்டத்தை எப்படி அமைப்பது என்று தனியாக எழுதுகிறேன்.